தயிரில் கழுவிய கை

அத்தியாயம் 5

எழிலுக்கு வயிறு எரிந்தது. காலையில் தின்ற மசால் வடையின் மேல் பழியைப் போட்டுப் பார்த்தாள், ஒட்டவில்லை. காரணம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

காரணத்தின் பெயர் மதுமிதா. கல்லூரியில் மூன்று வருஷமும் வேதியியலில் முதல் மதிப்பெண் அவளுக்கு, இரண்டாவது எழிலுக்கு. பரீட்சை வாரத்தில் ஒரே ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல் வரக் கூடாதா என்று எழில் அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டதும் உண்டு. காய்ச்சல் வந்தது, எழிலுக்கு. படிப்பு முடிந்ததும் அவலூர்பேட்டை ரோட்டில் இருக்கும் தனியார் பால் குளிரூட்டும் நிலையத்தில் பால் சோதிக்கும் வேலைக்கு இருவரும் ஒரே நாளில் நேர்முகத்துக்குப் போனார்கள். மதுமிதாவுக்கு வெள்ளைக் கோட்டும் சம்பளமும் கிடைத்தன. எழிலுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில், 'ராஜமாணிக்கம், துப்பறிவாளர்' என்ற பலகைக்குக் கீழே ஒரு மர ஸ்டூல் கிடைத்தது.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு முதலாளி வர்றாரு சார்," என்றாள் மதுமிதா. "அதுக்குள்ள காரணம் சொல்லலன்னா வேலை போயிடும். நாளன்னிக்குப் பௌர்ணமி. கிரிவலத்துக்கு ஊரெல்லாம் டீக்கடை. இந்த நேரத்துல நான் பால திருப்பி அனுப்பறேன்னு அவருக்குக் கோபம்."

ராஜமாணிக்கம் நாற்பத்தெட்டு வயதுக்காரர். தண்ணீர் சோதனைக்கூடத்தில் பதினேழு வருஷம் உப்பையும் காரத்தையும் அளந்துவிட்டு, தண்ணீரில் இருக்கும் அழுக்கு சலித்துப்போய் மனுஷர்களிடம் இருப்பதைப் பார்க்கக் கிளம்பியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எப்படி டெஸ்ட் பண்ற, சொல்லும்மா," என்றார்.

"பத்து மில்லி பால எடுத்துக்குவேன் சார். ரெண்டு சொட்டு பினாப்தலின் விடுவேன், காரம் பட்டா ரோஸாகற மருந்து..."

"பியூரெட் குழாய்லேர்ந்து காஸ்டிக் சோடா கரைசல சொட்டுச் சொட்டா விடுவா," என்று குறுக்கே புகுந்தாள் எழில். "பால்ல இருக்கற அமிலம் தீர்ந்த நிமிஷம் பால் ரோஸ் கலராயிடும். ஒன்றரை மில்லிக்குச் சிவந்தா நல்ல பால். ரெண்டத் தாண்டினா புளிக்க ஆரம்பிச்சிடுச்சு, கேன திருப்பி அனுப்பணும். எனக்கும் தெரியும் சார். நானும் பாஸ்தான்."

"மூணு வாரமா பாதி நாள் எல்லா கேனும் ரெண்டத் தாண்டுது," என்றாள் மதுமிதா. "நான் திருப்பி அனுப்பின பாலயே வேற கம்பெனியில நல்ல பால்னு வாங்கிக்கறாங்க."

"அப்போ பால் மேல தப்பு இல்ல. காஸ்டிக் பலம் கம்மியாயிருக்கு," என்றார் ராஜமாணிக்கம். "பலம் கம்மியானா ஜாஸ்தி ஊத்த வேண்டியிருக்கும். நல்ல பாலும் புளிச்ச பால் கணக்கா தெரியும்."

"மூடியத் திறந்து போட்டிருப்பா," என்றாள் எழில். "காத்துல இருக்கற கரியமில வாயுவ காஸ்டிக் குடிச்சிடும். முதல் வருஷப் பாடம்."

"நான் மூடித்தான் வெப்பேன் எழில்," என்றாள் மதுமிதா. சொன்னதில் கோபமே இல்லை. கல்லூரியிலும் இப்படித்தான், யார் எது சொன்னாலும் சிரித்த முகம். அந்த நல்ல குணம்தான் எழிலுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

டிவிஎஸ் ஐம்பதில் ராஜமாணிக்கமும் எழிலும் போய்ச் சேர்ந்தபோது நிலையத்தின் கேட்டில் கன்னியம்மாள் காலிக் கேனோடு நின்றிருந்தாள். கீழ்பென்னாத்தூர் பக்கம் இரண்டு மாடு வைத்துப் பிழைப்பவள்.

"மூணு நாளா எம் பால வோணான்னுட்சி அந்தக் கோட்டுப் போட்ட பொண்ணு," என்றாள். "எம் மாடு காலையில கறந்து காலையிலயே புளிக்குமா சார்? அந்தப் பொண்ண வெளிய அனுப்புனாத்தான் நாங்க பால் ஊத்துவோம். இல்லன்னா வர மாட்டோம்."

எழிலுக்கு அந்தப் பேச்சு இனித்தது. இனித்ததற்காக அவள் வெட்கப்படவும் செய்தாள். வெட்கம் கொஞ்சம்தான்.

சோதனை அறை சின்னது. ஒரு மேஜை, ஒரு தொட்டி, கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி. அதற்குப் பூட்டு கிடையாது. உள்ளே காஸ்டிக் பாட்டில், பினாப்தலின் சொட்டு பாட்டில், ஓர் ஆணியில் வெள்ளைக் கோட்டு. ராஜமாணிக்கம் ஆக்சாலிக் அமிலத்தை நிறுத்துக் கரைத்து, பத்து மில்லி எடுத்தார். சரியான பலத்தில் இருந்தால் பத்து மில்லி காஸ்டிக்கில் அது சிவந்திருக்க வேண்டும். பதினாலில்தான் சிவந்தது.

"எப்போ புதுசா தயார் பண்ண?"

"முந்தாநாள் சாயங்காலம் சார். அன்னைக்குச் சரியா பத்து காட்டுச்சு. சாயங்காலம் பாட்டில்ல பேனாவால கோடு போட்டுட்டுப் போவேன். காலையில அதே கோட்டுலதான் இருக்கும்."

"கோடு அப்படியே இருக்கு, பலம் மட்டும் குறையுது. யாரோ கொஞ்சத்தக் கொட்டிட்டு, அந்த அளவுக்குத் தண்ணி ஊத்தறாங்க."

"இல்லன்னா காத்து," என்றாள் எழில், விடாமல்.

ராஜமாணிக்கம் புதிதாகக் காஸ்டிக் கரைசல் தயாரித்து, பத்துக்குப் பத்து சரிபார்த்து, பாட்டிலில் ஊற்றி மூடினார். மிச்சத்தை ஒரு கண்ணாடி டம்ளரில் விட்டு, மூடாமல் ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"யாருக்கு சார் அது?"

"காத்துக்கு. குடிச்சிட்டுப் போவட்டும்."

நிலையத்தில் மதுமிதாவைத் தவிர மூன்று பேர். எடை போடும் பரசுராமனுடைய அண்ணன் மகளும் அந்த நேர்முகத்துக்கு வந்து தோற்றவள். "படிச்ச புள்ளைங்களுக்கெல்லாம் வேலை கிடைக்குது சார், நமக்குத்தான் ராசி இல்ல," என்று பரசுராமன் தராசுக் கல்லைத் தூக்கி வைத்தார். வைத்த வேகத்தில் தராசு ஆடியது. கேன் கழுவும் கருப்பன் சலவை சோடா கரைத்த வாளியோடு உட்கார்ந்திருந்தான். வாயில் வெற்றிலை. விரலில் மிச்சமான சுண்ணாம்பைப் பக்கத்துத் தூணில் தேய்த்தான். தூண் முழுக்க அவனுடைய பல வருஷத்து வெள்ளைக் கோடுகள். "எங்கூட்டு மாட்டுப் பாலயே வோணான்னுட்சி சார் அது," என்றான். "அப்பறம் இன்னா மருவாதி."

மூன்றாவது ஆள் பொறுப்பாளர் புகழேந்தி. பால்வளத்தில் டிப்ளமோ படித்தவர். அவருடைய அறையில் அவருடைய நாற்காலி, நாற்காலியின் முதுகில் நீலக் கரை போட்ட வெள்ளை டர்க்கி டவல். அதிகாரிக்கு அடையாளம் அந்தத் துண்டுதான். வேறு யாரும் அந்தத் துண்டைத் தொட்டது இல்லை என்று கருப்பனே பயபக்தியோடு சொன்னான்.

"மதுமிதா என் தங்கச்சி மாதிரிங்க," என்றார் புகழேந்தி. "வேலைக்கு வந்து ஒன்பது மாசம்தான் ஆவுது. ஏதோ தப்பு நடக்குது. பாவம்." ராஜமாணிக்கம் தராசுப் பக்கம் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினார். "உங்கள இண்டர்வியூல பார்த்த ஞாபகம் இருக்கு. நான் உங்களுக்குத்தான் மார்க் ஜாஸ்தி போட்டேன், ஹெட் ஆபீஸ்ல மாத்திட்டாங்க. அந்தப் பொண்ணு போயிட்டா எடம் காலியாத்தான் இருக்கும்."

எழிலின் நாக்கு வழக்கம்போல முந்திக்கொண்டது. "விண்ணப்பத்த உங்ககிட்ட குடுக்கணுமா, ஹெட் ஆபீஸுக்கு அனுப்பணுமா?"

கேலியாகத்தான் ஆரம்பித்தாள். கேள்வி முடிவதற்குள் கேலி எங்கோ காணாமல் போய்விட்டது. புகழேந்தி சிரித்தார்.

ஐந்தேகால் ஆனதும் மதுமிதா கிளம்பினாள். சமணர்களான நயினார் வீட்டுப் பெண். பொழுது சாய்ந்தால் அவர்கள் வீட்டில் சாப்பாடு கிடையாது, அதனால் வெயில் இருக்கும்போதே வீடு சேர்ந்தாக வேண்டும். இது நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏழு மணிக்குக் கருப்பன் பூட்டும்வரை சோதனை அறை சும்மா கிடக்கும் என்பதும் தெரியும். காலையில் தான் வரும்வரை அலமாரியைத் தொட வேண்டாம் என்று சொல்லி அவளைக் கேட்வரை அனுப்பிவிட்டு வந்த ராஜமாணிக்கம் கொஞ்ச நேரம் தனியாக அந்த அறையில் இருந்தார். பிறகு வண்டியருகே வந்து சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார்.

"பேனாவ மேஜையில விட்டுட்டேன். எடுத்துட்டு வா எழில்."

பேனா மேஜையில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு அவள் திரும்பியிருக்கலாம். ஆனால் அலமாரிக் கண்ணாடி வழியாக அந்தக் கோட்டு தெரிந்தது. பாக்கெட்டின் மேல் நீல நூலில் மதுமிதா என்று தைத்திருந்தது. எழில் கதவைத் திறந்தாள். கோட்டை எடுத்தாள். போட்டுக்கொண்டாள். மேல் பட்டன்வரை மாட்டிக்கொண்டு அலமாரிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். அந்த நேர்முகம் முடிந்த நாளிலிருந்து எத்தனையோ தடவை மனசுக்குள் போட்டுப் பார்த்த கோட்டு. பெயரைக் கையால் மறைத்துக்கொண்டால் நன்றாகவே இருந்தது.

வெளியே டிவிஎஸ் உறுமியது. பட்டனைக்கூடக் கழற்றாமல் கோட்டைத் தலைவழியே உருவிப் பழைய ஆணியில் மாட்டிவிட்டு ஓடினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் துப்பட்டாவுக்குச் சோப்புக் கட்டி போட்டுத் தேய்த்தபோது விரல்களில் ரோஸ் நிறம் ஏறியது. போன வாரம் தேரடித் தெருவில் வாங்கிய துப்பட்டா. சாயம் போகிற துணியை விற்ற கடைக்காரனை நாலு வார்த்தை திட்டிவிட்டு அலசிப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ராஜமாணிக்கம் கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு அலமாரியைத் திறந்தார். பாட்டிலில் இருந்த காஸ்டிக் மறுபடியும் பதினாலு காட்டியது. ஜன்னலில் ராத்திரி முழுக்க மூடாமல் கிடந்த டம்ளர் பத்துக்கு ஒரு சொட்டு ஜாஸ்தி, அவ்வளவுதான்.

"காத்துல திறந்து கிடந்தது நல்லா இருக்கு. அலமாரிக்குள்ள போர்த்திக்கிட்டுப் படுத்ததுக்குத்தான் ஜலதோஷம்," என்றார். "இன்னமும் காத்துதானா?"

எழில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மதுமிதா தூரத்தில் கேன்களுக்கு நடுவே நின்றிருந்தாள். நேற்று அழுத கண் இன்று காய்ந்து சிவந்திருந்தது.

ராஜமாணிக்கம் தொட்டியருகே குனிந்து மோந்தார். குழாய்க்குக் கீழே வெள்ளையாக இரண்டு மூன்று கட்டிகள். பக்கத்தில் ஊழியர்கள் மோர் குடிக்க உறை ஊற்றி வைக்கும் சட்டி, கால்வாசி காலி.

"தயிர்," என்றார், மிகுந்த சந்தோஷத்தோடு. "எழில், நேத்து சாயங்காலம் நான் அலமாரிக் கைப்பிடியில பினாப்தலின் பொடியத் தடவி வெச்சேன். வெள்ளைப் பொடி, கண்ணுக்குத் தெரியாது. திறந்தவன் கையில ஒட்டிக்கும். அப்பறம் காஸ்டிக்கக் கொட்டும்போது ரெண்டு சொட்டு பட்டா கை ரோஸ் ஆயிடும். வேற எவனா இருந்தாலும் சோப்புப் போட்டுத் தேய்ப்பான். சோப்பும் காரம், தேய்க்கத் தேய்க்க இன்னும் சிவக்கும். இவன் தயிர எடுத்துப் பூசியிருக்கான். புளிப்புப் பட்டா நிறம் போயிடும். சொட்டு பாட்டில்லேர்ந்து பினாப்தலின் சிந்தித்தான் கை சிவந்துச்சுன்னு நினைச்சிருப்பான். விஷயம் தெரிஞ்ச ஆள்."

எழிலின் காதில் பாதிதான் விழுந்தது. மீதி நேரம் அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேரடித் தெருக் கடைக்காரன் ஒரு பாவமும் அறியாதவன்.

"ஆனா தயிர் நிறத்தத்தான் மறைக்கும். பொடி நகக்கண்ணுல அப்படியே உக்காந்திருக்கும். மறுபடி காரம் பட்டா மறுபடி ரோஸ்." அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கருப்பன் தூணில் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "ஊர்ல எல்லாரும் விரலால தொட்டுக் கூச்சமில்லாம வாயில போட்டுக்கற காரம் ஒண்ணு இருக்கு. எதிர்க் கடைக்குப் போயி ஒரு கவுளி வெத்தல, பாக்கு, சுண்ணாம்பு வாங்கிட்டு வா. சுண்ணாம்பு வெள்ளையா இருக்கணும்."

எதிர்க் கடையில் கஸ்தூரி என்கிற அம்மாள் வெற்றிலையைக் கட்டினாள். "சுண்ணாம்பு எது வோணும் பாப்பா, வெள்ளையா, ரோஸா?"

இரண்டு டப்பாவையும் பலகையில் வைத்தாள். ஒன்று வெள்ளை. இன்னொன்று சாயம் கலந்த ரோஸ், வெற்றிலை போடும் பெண்கள் அழகுக்காகக் கேட்டு வாங்குவது. எழில் இரண்டையும் பார்த்தபடி நின்றாள்.

ரோஸை வாங்கிக்கொண்டு போனால் போதும். எல்லோருடைய விரலும் ரோஸாக இருக்கும். யாரையும் பிரித்துச் சொல்ல முடியாது. வெள்ளை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் சார் நம்புவார். அவள் கோட்டுப் போட்டுப் பார்த்த அசிங்கம் அவளோடு போகும். பதினோரு மணிக்கு முதலாளி வருவார், மதுமிதா போவாள், நாற்காலி காலியாகும். யாரும் எழிலைக் குற்றம் சொல்ல முடியாது. இத்தனைக்கும் அவள் எதுவுமே செய்ய வேண்டியதில்லை, ஒரு டப்பாவுக்குப் பதில் இன்னொரு டப்பாவை எடுத்தால் போதும்.

"இன்னா பாப்பா, பொடவையா எடுக்குற இவ்ளோ நேரம்," என்றாள் கஸ்தூரி.

எழில் வெள்ளையை எடுத்தாள். எடுத்த பிறகும் மனசு அந்த ரோஸ் டப்பாவின் மேல்தான் இருந்தது. அதனால் ரோட்டை ஓட்டமாகத் தாண்டினாள்.

முதலாளி இருசப்பன் சொன்ன நேரத்துக்குக் காரில் வந்து இறங்கினார். கனத்த உடம்பு, குறைந்த பேச்சு. புகழேந்தி தன் அறையில் தன் நாற்காலியையே அவருக்கு விட்டுக்கொடுத்தார். எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு நிற்க வைத்தார் ராஜமாணிக்கம்.

"குற்றவாளி யாருங்க?" என்றார் இருசப்பன்.

"காத்துங்க," என்றார் ராஜமாணிக்கம். "காஸ்டிக் காத்துல கெட்டுப்போச்சு. யார் மேலயும் தப்பு இல்ல. மதுமிதாவும் இனிமே கவனமா இருப்பாங்க."

மதுமிதாவின் முகம் செத்துப்போனது. "சார், நான் மூடித்தான்..." என்று ஆரம்பித்தவளை அவர் கையமர்த்தினார். புகழேந்தி நிம்மதியாக மூச்சு விட்டு, "நான் அப்பவே நினைச்சேங்க," என்றார்.

"மூணு வாரமா ஆளுக்கு ஆள் சந்தேகம், மனஸ்தாபம். எல்லாரும் ஒரு வெத்தலயப் போட்டு இத்தோட முடிச்சிக்குவோம்," என்று ராஜமாணிக்கம் தட்டை நீட்டினார்.

வெற்றிலை மரியாதையை யார் மறுப்பார்கள். இருசப்பன் ஒன்றை எடுத்துக் காம்பைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பைத் தடவினார். வெள்ளை. பரசுராமன் தடவினார். வெள்ளை. கருப்பன் கண்ணை மூடிக்கொண்டே தடவினான், அதுவும் வெள்ளை. புகழேந்தி ஆள்காட்டி விரலால் சுண்ணாம்பைத் தொட்டு, பச்சை வெற்றிலையில் ஒரு கோடு இழுத்தார்.

கோடு வெள்ளையாகத்தான் ஆரம்பித்தது. காம்பிலிருந்து நுனிக்கு வருவதற்குள் ரோஸாகிவிட்டது. விரல் நுனியும் ரோஸ், நகக்கண் அதைவிட ரோஸ்.

"எங்க மாமியார் ஊர்லகூட இந்தக் கலர் வெத்தல கிடையாதே," என்றார் ராஜமாணிக்கம். பொடி தடவிய கதையை முதலாளிக்கு நாலே வரியில் சொன்னார். "நேத்து சாயங்காலம் அஞ்சரைக்கு மேல அந்த அலமாரியத் திறந்த கைதான் இப்படிச் சிவக்கும்."

புகழேந்தி சுலபமாகச் சாயும் ஆள் இல்லை. வெற்றிலையைத் தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "அலமாரி பூட்டாத அலமாரிங்க ஐயா. நான் பொறுப்பாளர், திறந்து பார்க்கறது என் வேலை. திறந்தவங்க எல்லாம் குற்றவாளின்னா இவரு கூட்டிட்டு வந்த பொண்ணு கையையும் பாருங்க. நேத்து அது மட்டும் தனியா அந்த ரூமுக்குள்ள போச்சு, நான் பார்த்தேன். இந்த வேலைக்கு இண்டர்வியூ வந்து கிடைக்காத பொண்ணு அது. எடம் காலியானா விண்ணப்பம் எங்க குடுக்கறதுன்னு என்கிட்டயே கேட்டுச்சு."

அறையில் எல்லோரும் எழிலைப் பார்த்தார்கள். மதுமிதாவும் பார்த்தாள். ராஜமாணிக்கம் மட்டும் அவளைப் பார்க்காமல் தட்டை அவள் பக்கம் நீட்டினார். எடு என்றும் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை.

எழில் வெற்றிலையைத் தொடவில்லை. நேராகச் சுண்ணாம்பு டப்பாவில் விரலை வைத்து எடுத்து எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினாள். ரோஸ்.

"பார்த்தீங்களா," என்றார் புகழேந்தி.

"திறந்தேன்," என்றாள் எழில். "பாட்டில தொடல. மதுமிதா கோட்ட எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பட்டனெல்லாம் மாட்டிக் கண்ணாடியில பார்த்தேன். அந்த வேலை எனக்கு வரணும்னு இருந்துச்சு. காலேஜ்லேர்ந்தே அவ மேல எனக்குப் பொறாமை. நேத்து அவ வேலை போகப்போவுதுன்னு தெரிஞ்சப்போ எனக்கு உள்ளுக்குள்ள நல்லாத்தான் இருந்துச்சு. இத இப்படி எல்லார் முன்னாடியும் சொல்ல வேண்டியிருக்கும்னு நினைக்கல."

கருப்பன் வாயிலிருந்ததை மெல்லாமல் நிறுத்தியிருந்தான்.

"மேல் பட்டன் மாட்டியிருந்தது," என்றார் ராஜமாணிக்கம் மெதுவாக. "மதுமிதா மேல் பட்டன் மாட்டறது இல்ல. சரி, ரெண்டு கை சிவந்திருக்கு. ஒரு கை கோட்ட எடுத்துச்சு, இன்னொரு கை காஸ்டிக்கக் கொட்டுச்சு. கொட்டின கை தயிர்ல கழுவிச்சு. கழுவின கைய எங்கயாவது துடைக்கணும் இல்லையா. கருப்பா, உன் வாளியிலேர்ந்து ஒரு சொம்பு சோடாத் தண்ணி கொண்டா."

கருப்பன் கொண்டுவந்தான். "முதலாளி, கொஞ்சம் எழுந்திருங்க," என்றார் ராஜமாணிக்கம். இருசப்பன் எழுந்தார். நாற்காலியின் முதுகில் அந்த நீலக் கரைத் துண்டு. ராஜமாணிக்கம் சோடாத் தண்ணீரைக் கையில் அள்ளி அதன்மேல் தெளித்தார்.

வெள்ளைத் துண்டில் முதலில் ஒரு கட்டைவிரல் தெரிந்தது. அப்புறம் நாலு விரல். அப்புறம் ஒரு முழு உள்ளங்கை, ரோஸ் நிறத்தில், ரேகைகூடத் தெரியும்படி. இருசப்பன் குனிந்து துண்டை மோந்தார். "புளிச்ச வாடை," என்றார்.

"இந்தத் துண்ட வேற யாரும் தொட மாட்டாங்கன்னு கருப்பன் சொன்னான்," என்றார் ராஜமாணிக்கம். "கேனு துடைக்கிற கந்தல்ல துடைச்சிருந்தா தப்பிச்சிருக்கலாம். அதிகாரிக்குக் கௌரவம் விடல."

புகழேந்தி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பேச ஆரம்பித்தபோது முதலாளியைப் பார்த்துப் பேசவில்லை, நாற்காலியைப் பார்த்துத்தான் பேசினார். "பதினோரு வருஷமா இதுல உக்காந்திருக்கேன். போன மாசம் ஹெட் ஆபீஸ்லேர்ந்து வந்த கடிதம் என் கையிலதான் வந்துச்சு. மதுமிதாவுக்குப் பொறுப்பாளர் பதவி குடுக்கலாமான்னு என்கிட்டயே அபிப்பிராயம் கேட்டிருந்தாங்க. ஒன்பது மாசத்துப் பொண்ணு. தினம் காலையில சிரிச்சிக்கிட்டே வணக்கம் சொல்லும். என்னால தாங்க முடியலங்க."

எழில் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஆள் சொன்னதில் அவளுக்குப் புரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை.

அரை மணி நேரத்தில் காரியம் முடிந்தது. புகழேந்தி சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு, துண்டை எடுக்காமல் வெளியே போனார். இருசப்பன் கேட்டுக்கு ஆள் அனுப்பிக் கன்னியம்மாளைக் கூப்பிடச் சொன்னார். மதுமிதா புதிதாகக் காஸ்டிக் தயாரித்து அவளுடைய பாலை அவள் கண் முன்னாலேயே சோதித்தாள். ஒன்றரை மில்லியில் பால் சிவந்தது. "இத மொதல்லயே செஞ்சிருக்கக் கூடாதா," என்று முணுமுணுத்துக்கொண்டே கன்னியம்மாள் கேனைத் தராசில் ஏற்றினாள்.

எழில் வண்டியருகே நின்றிருந்தாள். கருப்பன் வந்து அவள் விரலைப் பார்த்தான். "தயிர் எடுத்தாரட்டா பாப்பா? பூசுனா போயிடும்னு சொன்னாரே சாரு."

"வேணாம்ண்ணா. தானா போவட்டும்."

அப்போது மதுமிதா வந்தாள். கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தாள்.

"சரியா இருந்துச்சா?" என்றாள் மதுமிதா.

எழில் அவள் முகத்தில் கேலியைத் தேடினாள். இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை.

"தோள்ல கொஞ்சம் பெருசு," என்றாள் எழில்.

மதுமிதா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். ராஜமாணிக்கம் டிவிஎஸ்ஸை உதைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது உதையிலும் அது கிளம்பவில்லை. எதிர்க் கடையில் கஸ்தூரி யாருக்கோ வெற்றிலை கட்டிக்கொண்டிருந்தாள். பலகையில் வெள்ளை டப்பா போன இடத்தில் ரோஸ் டப்பா மட்டும் வெயிலில் பளிச்சென்று இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு எழில் பக்கம் திரும்பினார்.

"காலையில போனப்போ அதுவும் இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்," என்றாள் எழில்.

அவர் வேறொன்றும் கேட்காமல் ஆறாவது உதை உதைத்தார். வண்டி கிளம்பியது. எழில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.